டீப் பர்ப்பிள் 1984-இல் வெளியிட்ட மறுவருகை ஆல்பம் ஏன் இன்றும் மதிக்கப்படுகிறது?

பிரிந்த இசைக்குழுக்கள் பழைய பெயரை விற்கவே மீண்டும் சேர்கின்றன என்பது பொதுவான ஐயம். பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான டீப் பர்ப்பிளின் மறுவருகை ஆல்பம் ‘பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ அதற்கு விலக்கா என்பதே கேள்வி. பெரும்பாலும் விலக்குதான் என்பது என் கருத்து. 1973-இல் பாடகர் இயன் கில்லனும் பேஸ் கிட்டார் கலைஞர் ரோஜர் குளோவரும் விலகியதோடு அந்தப் புகழ்பெற்ற ஐவர் அணி கலைந்தது. குழுவே 1976-இல் முடிவுக்கு வந்தது. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் அவர்களில் எவரும் சும்மா இருக்கவில்லை. கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோரும் குளோவரும் ரெயின்போ குழுவிலும், ஆர்கன் கலைஞர் ஜான் லார்டும் டிரம்ஸ் கலைஞர் இயன் பெய்ஸும் வைட்ஸ்நேக் குழுவிலும், கில்லன் சிறிது காலம் பிளாக் சப்பாத் குழுவிலும் இயங்கியதால், அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ஒலிப்பதிவுக்காகக் கூடியபோது ஐவரின் கைப்பழக்கமும் விட்டுப்போயிருக்கவில்லை.

தலைப்புப் பாடலையே கேட்டுப் பாருங்கள். லார்டின் ஹேமண்ட் ஆர்கன் என்ற மின்விசைப்பலகைக் கருவி கரகரத்த கனத்த ஒலியோடு தொடங்க, கிட்டாரும் டிரம்ஸும் அதன்மேல் நிதானமாக வந்து சேர்கின்றன. பிளாக்மோர் போன்ற ஒருவர் இருந்தும் இப்பாடலில் கிட்டார் தனிவாசிப்பே கிடையாது. (அவருடைய சுபாவம் அறிந்தவர்களுக்கு இது சிறு அதிசயம்!) தங்கள் பழைய புகழ்பெற்ற பாடலான ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ பாணியை நகலெடுக்காமல், வேகத்தைக் குறைத்து, ஆர்கனுக்கு இடம்விட்டதே இதன் பலம்.

விற்பனைப் பட்டியல்களில் ஆல்பம் பிரிட்டனில் 5-ஆம் இடத்தையும் அமெரிக்காவில் 17-ஆம் இடத்தையும் எட்டியது. ஆயினும் குழுவுக்குள் இருந்த பழைய பூசல்கள் தீரவில்லை. 1989-இல் கில்லன் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டார்.