ஒரே சிறுநீர், இரண்டு ரிப்போர்ட்

கேள்வி: நாங்கள் பர்மாவில் (மியான்மர்), பெகு நகரில் இருக்கிறோம். 68 வயதான என் அம்மாவுக்குச் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், கூடவே காய்ச்சல். பொங்கல் முடிந்த வாரம் ஒரே வேளையில் எடுத்த சிறுநீரை இரண்டு குப்பிகளில் பிரித்து, ஒன்றை இங்குள்ள சிறிய லேபில் கொடுத்தோம். மற்றதை பஸ்ஸில் ரங்கூனுக்கு அனுப்பினோம். இரண்டிலும் ஈ.கோலை என்றே வந்தது. ஆனால் சிப்ரோஃப்ளாக்சசின் மருந்துக்கு இங்கே 27 மி.மீ., ‘எஸ்’ (மருந்துக்கு அடங்கும்), ரங்கூனில் 24 மி.மீ., ‘ஐ’ (இடைநிலை). அன்று இரவு இங்கே வெகுநேரம் மின்சாரம் இல்லை. எதை நம்புவது?

பதில்: முதலில் அம்மாவைக் கவனியுங்கள். இந்த வயதில் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் கிருமி சிறுநீரகம் வரை போயிருக்கலாம். இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு இன்றே டாக்டரைப் பாருங்கள். இரண்டிலும் ‘எஸ்’ என்று ஒத்துப்போகும் மருந்தாகப் பார்த்து அவர் கொடுப்பார். நைட்ரோஃபுரான்டாயின் மட்டும் ஒத்துப்போகிறது என்றால் அதைச் சொல்லிக் கேளுங்கள். அது சிறுநீர்ப்பையோடு நின்றுவிடும் மருந்து, காய்ச்சலுக்கு உதவாது. 27 என்ற எண்ணை நம்பி மருந்துக்கடையில் நான்கு சிப்ரோ மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

மின்சாரம் இல்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உறுத்தியது அதுதான்.

நாலு மி.மீ. கனத்தில் உறைந்த அகர் (கிருமி வளர்க்கும் ஜெல்லி) தட்டின்மேல் கிருமியைப் பூசி, மருந்து ஊறிய காகித வில்லையை வைப்பார்கள். வில்லையிலிருந்து மருந்து அகருக்குள் பரவும். கிருமியோ பெருகிக்கொண்டே இருக்கும். மருந்து வந்து சேர்வதற்குள் கூட்டம் சேர்த்துவிட்ட கிருமி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மருந்து ஜெயித்த இடம் வில்லையைச் சுற்றிக் கிருமி இல்லாத வட்டமாகத் தெரியும், ரிப்போர்ட்டில் வரும் மி.மீ. அதன் விட்டம். அந்த வட்டத்தின் எல்லை முதல் சில மணி நேரத்திலேயே முடிவாகிவிடும். காலையில் அளப்பது அந்தப் பந்தயத்தின் தடயத்தைத்தான். எல்லா ஊரிலும் பந்தயம் ஒரே வேகத்தில் நடக்க வேண்டும் என்றுதான் 35 டிகிரி, 16 முதல் 18 மணி நேரம் என்று வைத்திருக்கிறார்கள்.

தட்டுகளை அந்தச் சூட்டில் வைத்திருக்கும் பெட்டியான இன்குபேட்டர் ஆறிப்போனால் என்ன ஆகும்? உடல் சூட்டில் சுமார் 20 நிமிடத்தில் இரட்டிக்கும் ஈ.கோலை, 25 டிகிரியில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு நேரம் எடுக்கும். மருந்து பரவும் வேகம் அவ்வளவாகக் குறையாது. கிருமி தூங்கிவழியும் நேரத்தில் மருந்து தூரம் போய்விடும், வட்டம் பெரிதாகும். அமெரிக்க அளவுகோலில் சிப்ரோவுக்கு 26-ம் அதற்கு மேலும் ‘எஸ்’, 22 முதல் 25 வரை ‘ஐ’, 21-ம் அதற்குக் கீழும் ‘ஆர்’ (மருந்துக்கு அடங்காது). உங்கள் 27, குளிர் கொடுத்த இனாமாக இருக்கலாம்.

இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். அகர் மெலிந்திருந்தாலும், கிருமியை நீர்க்கப் பூசியிருந்தாலும் இதே மாதிரி வட்டம் பெருக்கும். லேபைக் குற்றம் சொல்லும் முன் ஒன்று கேளுங்கள்: அன்று 25922 என்ற கட்டுப்பாட்டுக் கிருமியையும் கூட வைத்தார்களா? அதுவும் ஈ.கோலைதான், எந்த மருந்துக்கு எவ்வளவு வட்டம் வர வேண்டும் என்று முன்பே தெரிந்த கிருமி. நான் வேலை பார்த்த ஒரு லேபில், ஒரு ஜனவரிக் காலையில் தட்டுகளைத் திறந்தால் கிருமிப் படலம் பனிமூட்டம்போல் மெலிதாக இருந்தது. ஜென்டாமைசினுக்கு 19 முதல் 26 வரை வர வேண்டிய கட்டுப்பாட்டுக் கிருமி 28 காட்டியது. பெட்டிக்குள் தெர்மாமீட்டரில் 29 டிகிரி. அன்றைய தட்டு அத்தனையையும் கழித்துவிட்டு மறுபடி போட்டோம்.

சித்திரை வெயிலில் கதை தலைகீழ். சாதாரண இன்குபேட்டருக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. அறையே 38 டிகிரி என்றால் பெட்டியும் 38-தான். சீழில் வரும் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமியில் மெத்திசிலின் என்ற மருந்துக்கு அடங்காத வகை 35-ஐத் தாண்டினால் தன் எதிர்ப்பைச் சரியாகக் காட்டாது. அடங்கும் கிருமி என்று ரிப்போர்ட் ஏமாற்றிவிடும். என் கணக்கில் குளிர்காலப் பிழையைவிட இது ஆபத்தானது, ஏனென்றால் படலம் செழிப்பாக இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது.

பஸ் பயணத்துக்கு வருகிறேன். 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டித்தால் இரண்டு மணி நேரத்தில் ஒன்று 64 ஆகிவிடும். அதனால் கெடுவது கிருமி எண்ணிக்கை. மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் என்ற கணக்கை ரங்கூன் ரிப்போர்ட்டில் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வட்டத்தின் அளவு இதனால் மாறாது, ஏனென்றால் பூசும் முன் கிருமியின் அடர்த்தியை லேபில் சமப்படுத்திக்கொள்வார்கள். அடுத்த முறை குப்பியை ஐஸ் பெட்டியில் அனுப்புங்கள். குளிர்பதனப் பெட்டிச் சூட்டில் 24 மணி நேரம் தாங்கும். உறைந்துவிடக் கூடாது.

இப்போதைக்கு 24-ஐயே கணக்கில் வையுங்கள். பெகு லேபில் அந்தத் தட்டு இன்னும் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் அதே கிருமியை எடுத்து, மின்சாரம் நிலையாக இருக்கும் ஓர் இரவில் மறுபடி போட்டுப் பார்க்கலாம். அதற்காக அம்மாவிடம் திரும்பச் சிறுநீர் எடுக்க வேண்டியதில்லை.