குக்-அவுட் விருந்தில் தட்டில் எதை வைப்பது?

கேள்வி: டாலஸில் வேலை பார்க்கிறேன். வயது 46. பிரஷருக்கு மாத்திரை எடுக்கிறேன், சுகரும் எல்லையில் நிற்கிறது. ஜூலை 4 அன்று ஆபீஸ் நண்பர் வீட்டில் குக்-அவுட், அதாவது வெளியில் கரியடுப்பு வைத்துக் கறி சுட்டுச் சாப்பிடும் விருந்து. போன வருஷம் பயந்துபோய்க் கறியைத் தொடாமல் உருளைக்கிழங்கு சாலட், பேக்ட் பீன்ஸ், கோலாவோடு முடித்துக்கொண்டேன். சரிதானே?

பதில்: பயந்தது சரி, ஒதுங்கிய இடம்தான் தப்பு. மயோனைஸ் போட்ட அந்த சாலட் ஒரு கப் சுமார் 350 கலோரி. வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்ததைத் தொடவே கூடாது. ஜூலையில் உங்கள் ஊர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். பீன்ஸில் சர்க்கரைப் பாகு. 355 மில்லி கோலா டின்னில் 39 கிராம் சர்க்கரை, அதாவது பத்து தேக்கரண்டிக்குக் கொஞ்சம்தான் குறைவு. சுகருக்கு அன்றைய பெரிய அடி அதுதான்.

பிரஷருக்கு ஆகாதது ஹாட் டாக். ஒரு சாசேஜிலேயே 500 மில்லிகிராம் வாக்கில் சோடியம். பன், கெச்சப் சேர்ந்தால் 800 ஆகிவிடும். நாள் முழுவதற்குமே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 2,000. பர்கர் தேவலை. ஒன்று போதும், சீஸும் மேல் பன்னும் வேண்டாம்.

கோழி இருந்தால் அதுதான் உத்தமம். நீங்களே ஊறவைத்துக் கொண்டுபோங்களேன். தோல் நீக்கிய தொடைக்கறி 1 கிலோ, ஒரு அங்குலத் துண்டுகள். அரை கப் கெட்டித் தயிர், ஒரு எலுமிச்சைச் சாறு, இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, மிளகுத்தூள் 2 தேக்கரண்டி, கொஞ்சம் மஞ்சள், உப்பு முக்கால் தேக்கரண்டி. ஃப்ரிட்ஜில் 4 மணி நேரம், பிறகு ஐஸ் பெட்டியில் பயணம். கறியைக் கோத்துச் சுடும் மரக்குச்சியை அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் கறிக்கு முன்னால் குச்சி கருகும்.

கரியை அடுப்பின் ஒரு பக்கமாக ஒதுக்கி, கறியை மறுபக்கம் வையுங்கள். கொழுப்பு தணலில் சொட்டினால் எழும் புகையில் புற்றுநோயோடு தொடர்புள்ள ரசாயனங்கள் உண்டு. அது கறியில்தான் படியும். அடிக்கடி திருப்புங்கள், உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வந்ததும் எடுங்கள், கருகிய ஓரத்தை வெட்டி எறியுங்கள். பார்பெக்யூ சாஸ் பூசியே ஆகவேண்டுமென்றால் கடைசி 5 நிமிடத்தில், மெலிதாக. முன்னாலேயே பூசினால் அதிலுள்ள சர்க்கரை தீய்ந்து, வெளியே கறுத்து உள்ளே வேகாமல் நிற்கும். புதினாச் சட்னி இருந்தால் சாஸே எதற்கு?

சோளக்கதிருக்கு வெண்ணெய் வேண்டாம், மெரினாவில் தேய்த்துத் தருவார்களே, அதுபோல எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் போதும். உப்பை மட்டும் விட்டுவிடுங்கள்.