பிட் எண்ணும் ஃபங்ஷன்: இன்லைனா, தனியா? கேள்வி பதில்

கேள்வி: 64 பிட் எண்ணில் எத்தனை 1 இருக்கிறது என்று எண்ணும் ஃபங்ஷனை ஹெடரில் ஸ்டாடிக் இன்லைனாக (அழைக்கும் இடத்திலேயே ஃபங்ஷனின் கோடை கம்பைலர் ஒட்டிவிடும்படி) வைத்திருக்கிறோம். நூறு இடங்களில் பயன்படுகிறது. பைனரி பெருத்துவிடாதா?

பதில்: உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இன்டெல், ஏஎம்டி சிப்களின் எக்ஸ்86-இல் 1-களை எண்ணும் பாப்கவுண்ட் ஒரே கட்டளை, 64 பிட்டுக்கு 5 பைட். ஃபங்ஷனை அழைக்கும் சாதாரண கால் (call) கட்டளையும் அதே 5 பைட்தான், அதோடு கால் என்றால் ரிஜிஸ்டர்களை (சிப்புக்குள் இருக்கும் சின்ன சேமிப்பிடங்கள்) ஒதுக்கிக் காப்பாற்றும் வேலையும் சேரும், அதனால் அங்கே இன்லைன் செய்தால் பெரும்பாலும் கோட் குறையத்தான் செய்யும். பாப்கவுண்ட் இல்லாமல், ஷிஃப்ட் (பிட்களை நகர்த்துவது), மாஸ்க் (வேண்டிய பிட்களை மட்டும் எடுப்பது) என்று கையால் எழுதியிருந்தால் கணக்கே வேறு. நான்கு 64 பிட் மாறிலிகள் வேண்டும், ஒவ்வொன்றையும் ரிஜிஸ்டரில் ஏற்றும் கட்டளை 10 பைட், ஆக எண்ண ஆரம்பிப்பதற்கே 40 பைட் போச்சு. அதை நூறு இடத்தில் ஒட்டாதீர்கள்.

கேள்வி: ஜிசிசி கம்பைலரில் இதற்கென்றே இருக்கும் பில்டின் ஃபங்ஷனைத்தான் பயன்படுத்துகிறேன், ஆனாலும் அசெம்பிளியில் கால் தெரிகிறதே?

பதில்: எந்த பிராசஸர் என்று நீங்கள் கம்பைலரிடம் சொல்லவில்லை. எக்ஸ்86-64-இன் அடிப்படைக் கட்டளைத் தொகுப்பில் பாப்கவுண்ட் கிடையாது. இன்டெலில் 2008-இல் நெஹாலம் சிப்போடுதான் வந்தது. பாப்கவுண்டும் சேர்ந்த எக்ஸ்86-64 வி2 நிலை என்று குறிப்பிட்டால் கால் மறைந்துவிடும். அப்புறம் அதைப் பழைய மெஷினில் ஓட்டினால் செல்லாத கட்டளை என்று நின்றுவிடும், அது பரவாயில்லை. முன்னால் இருக்கும் 0-களை எண்ணும் எல்இசட்கவுண்ட் கட்டளைதான் ஆபத்து: பழைய சிப் அதை பிஎஸ்ஆர் (மேலே இருக்கும் 1 எந்த இடம் என்று சொல்லும் கட்டளை) என்று எடுத்துக்கொண்டு, தப்பான விடையைச் சத்தமில்லாமல் தந்துவிடும்.

கேள்வி: ஒரே பைனரி பழையது, புதியது இரண்டிலும் ஓட வேண்டுமே?

பதில்: லினக்ஸ் கர்னல் இதில் கெட்டிக்காரத்தனம் செய்கிறது. கம்பைல் ஆகும்போது கால்தான் இருக்கும். பூட் ஆகும்போது சிப்பில் வசதி இருந்தால் அதே இடத்தில் பாப்கவுண்டை எழுதிவிடும், இரண்டும் 5 பைட் என்பதால் அளவும் இடிக்காது. சாதாரண புரோகிராமில் நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். எண்ணும் லூப்பை, பாப்கவுண்டோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என்று இரண்டு பிரதியாக கம்பைல் செய்து, லூப்புக்கு வெளியே ஒருமுறை தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் சோதனை போட்டால் இன்லைன் செய்த லாபம் அதிலேயே கரைந்துவிடும்.

கேள்வி: என்னுடையது கார்டெக்ஸ் எம்0 என்ற சின்ன ஆர்ம் சிப், கோடை வைக்கும் ஃப்ளாஷ் மெமரி கொஞ்சம்தான் மிச்சம். என்ன செய்ய?

பதில்: அதில் பாப்கவுண்டும் இல்லை, முன்னால் இருக்கும் 0-களை எண்ணும் சிஎல்இசட்டும் இல்லை. இன்லைன் வேண்டாம் என்று சொல்லும் நோஇன்லைன் போடுங்கள், ஒரே பிரதி. கடைசி 1-ஐ அழித்துக்கொண்டே போகும் சின்ன லூப் போதும்.

கேள்வி: ஒவ்வொரு பைட்டிலும் எத்தனை 1 என்று முன்பே எழுதி வைத்த 256 பைட் டேபிள்தான் என் பெஞ்ச்மார்க்கில் (வேகம் அளக்கும் சோதனை) வேகமாக இருக்கிறது.

பதில்: இருக்கும். அங்கே கேஷுக்கு (சிப்புக்குள் இருக்கும் வேகமான சின்ன மெமரி) போட்டி போட வேறு டேட்டா இல்லை. பெரிய இன்லைன் கோடும் பெஞ்ச்மார்க்கில் இப்படித்தான் நன்றாகத் தெரியும், ஏனென்றால் கட்டளைகளை வைக்கும் இன்ஸ்ட்ரக்ஷன் கேஷ் முழுக்க அதற்கே. உங்கள் நிஜ புரோகிராமில் வைத்து அளந்துவிட்டு வாருங்கள்.