ஆமை எந்த இனம்? ஓட்டின் நிறத்தை விட்டுட்டு நெற்றியைப் பாருங்க

கடலில் எடுத்த ஆமைப் படங்களை அனுப்பி, ஓடு பழுப்பு, கதிர்போல் கோடுகள், அதனால் அழுங்காமைதானே (hawksbill) என்று கேட்டிருக்கீங்க. நிறத்தை வைத்து முடிவு பண்ண முடியாது. இளம் பச்சை ஆமைக்கும் அதே கதிர்க்கோடுகள் உண்டு. பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான்.

தலை தெரியும் படத்தைப் பெரிதாக்கி, இரு கண்களுக்கும் நடுவே, மூக்குக்கு மேலே பாருங்க. நீளமான செதில் ஒரே ஜோடி என்றால் நம்ம கடல்களில் அது பச்சை ஆமை, வேறெதுவும் பார்க்கத் தேவையில்லை. இரண்டு ஜோடி என்றால் அழுங்காமையாக இருக்கலாம், ஆனால் பெருந்தலை ஆமைக்கும் (loggerhead) சிற்றாமைக்கும் (olive ridley) அப்படித்தான். அப்போது முதுகின் நடுவரிசைக்கு ஒரு பக்கமுள்ள பெரிய தகடுகளை எண்ணுங்க. நான்கு என்றால் அழுங்காமை, ஐந்து பெருந்தலை, ஆறும் அதற்கு மேலும் பெரும்பாலும் சிற்றாமை. விளிம்பிலுள்ள சின்னத் தகடுகளைச் சேர்த்துடாதீங்க, கணக்கே மாறிடும். (தகடே இல்லாமல் தோல் போர்த்தி, நீளவாக்கில் வரம்புகள் ஓடினால் தோணியாமை, அதாவது leatherback. அதில் குழப்பமே வராது.)

கூரை ஓடுபோல் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பது அழுங்காமையின் அடையாளம்தான். ஆனால் வயதானதில் அது மழுங்கிப்போகும்; பாசி படிந்தால் சுத்தமாகத் தெரியாது. கூரான, ஒடுங்கிய அலகு அதைவிட நம்பகமானது.

அடுத்த முறை தலையின் இரு பக்கமும், முதுகை நேர் மேலிருந்து ஒன்றும் எடுங்க. ஆமை மூச்சுவிட மேலே வரும் வழியை மட்டும் மறிச்சிடாதீங்க.