கேள்வி – பதில்: ஒயிலில் தண்ணீர் எப்படி வந்தது?

கேள்வி: நெல் ஏற்றும் லொறி. புது லைனர் (சிலிண்டரின் உள் உறை), பிஸ்டன் போட்டு எஞ்சின் கட்டி இரண்டு கிழமைதான். ஒயில் பால்தேத்தண்ணி மாதிரி இருக்கிறது. ஹெட்டை (எஞ்சினின் மேல்மூடி) திரும்பக் கழற்றுவதா?
– வாசகர், சம்மாந்துறை

பதில்: அவசரப்பட்டு ஹெட்டைத் தூக்காதீர்கள், தடயம் போய்விடும். ஸ்டார்ட்டும் செய்யாதீர்கள், இந்த ஒயில் பெயரிங்கைத் தின்றுவிடும். ஒயிலை வடித்து, அடியில் ஒயில் தேங்கும் தட்டான சம்ப்பைக் கழற்றுங்கள். றேடியேற்றரை நிரப்பி, மூடியில் எழுதியுள்ள அழுத்தத்துக்கு (பெரும்பாலும் 0.9 பார் அளவு) கைப்பம்பால் ஏற்றி, கீழே படுத்து ரோர்ச் அடித்துப் பாருங்கள். அரை மணித்தியாலமாவது பொறுங்கள்.

லைனரின் அடிவிளிம்பில் சொட்டினால், அங்கே தண்ணீரைத் தடுக்கும் றப்பர் வளையமான ஓ-ரிங்தான். சோப்புத்தண்ணி கூடப் பூசாமல் காய்ந்தபடி தட்டி இறக்கினால் அது முறுகி வெட்டுப்படும். புஷ்றொட் (வால்வை இயக்கும் தண்டு) பக்கமாக வழிந்தால் ஹெட் கஸ்கட் (ஹெட்டுக்கு அடியில் வைக்கும் அடைப்புத் தகடு), அல்லது ஹெட்டில் வெடிப்பு. இரண்டும் இல்லையா? தண்ணீரால் ஒயிலைக் குளிரவைக்கும் ஒயில் கூலரைக் கழற்றி, துளைகளை அடைத்து, காற்று ஏற்றித் தண்ணீரில் அமிழ்த்துங்கள்; குமிழி காட்டிக்கொடுக்கும்.

ஓ-ரிங் என்றால் புதுசு போட்டு மூடிவிடாதீர்கள். நம் கரையோர உவர்க்கிணற்றுத் தண்ணீரில் ஓடிய புளொக்கில் (லைனர் இறங்கும் எஞ்சின் உடல்), ஓ-ரிங் அமரும் இடம் அரித்திருக்கும். நகத்தால் தடவினாலே தட்டுப்படும். அதைச் சரிசெய்யாவிட்டால் மறுபடி ஒழுகும். வேலை முடிந்ததும் புது ஒயில், பில்டருடன் பத்து நிமிடம் ஓடவிட்டு, இரண்டையும் திரும்ப மாற்றுங்கள்.