லாஸ் வென்டாஸுக்குக் கூப்பிடுகிறார்கள், போகலாமா?

தம்பி, மாட்ரிட் வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, கூட வேலை பார்ப்பவர் லாஸ் வென்டாஸ் அரங்கில் நடக்கும் காளைச் சண்டைக்குக் கூப்பிடுகிறார், "நம்ம ஜல்லிக்கட்டு மாதிரிதானே?" என்று கேட்டிருந்தீர்கள்.

இல்லை. வாடிவாசலைத் தாண்டிய மாடு வீட்டுக்குப் போய்விடும். இங்கே காளையைக் கொல்லாமல் ஆட்டம் முடிவது மிக அபூர்வம். ஒரு மாலைக்கு ஆறு காளை. ஸ்பெயினின் பம்ப்லோனா நகரத்தில் ஜூலை மாதம் காலை எட்டு மணிக்குத் தெருவில் ஓடுகின்றனவே, அவையும் அன்று சாயங்காலமே களத்துக்கு வந்துவிடும்.

காளையை எதிர்கொண்டு கடைசியில் வாளால் கொல்லும் மத்தடோர்கள் மூன்று பேர், ஆளுக்கு இரண்டு காளை. ஒவ்வொருவருக்கும் ஒரு குழு உண்டு. குதிரை மேல் ஈட்டியோடு வரும் பிக்கடோர்கள் இரண்டு பேர், முள்குச்சி செருகும் பந்தரில்யேரோக்கள் மூன்று பேர், வாள் எடுத்துக் கொடுக்க ஓர் ஆள். பிக்கடோர் காளையின் திமில் பக்கம் குத்துவார், தலை தாழ வேண்டும் என்பதற்காக. 1928-க்குப் பிறகுதான் அந்தக் குதிரைக்கு மெத்தைக் கவசம் வந்தது. அதற்கு முன்னால் குதிரைகள் குடல் சரிந்து விழுமாம். அடுத்து, பந்தரில்யேரோக்கள் காகிதம் சுற்றிய முள்குச்சிகளை ஜோடி ஜோடியாகச் செருகுவார்கள். கடைசியில்தான் மத்தடோர் சிவப்புத் துணியோடு தனியாக நிற்பார். காளைக்குச் சிவப்பு பிரித்துத் தெரியாது, துணி அசைவதைப் பார்த்துத்தான் பாயும். பத்து நிமிடத்தில் முடிக்காவிட்டால் எக்காளம் ஊதி எச்சரிக்கை வரும்.

எல்லாவற்றுக்கும் மேலே மேடையில் ஆட்டத்தை நடத்தும் தலைவர். அவர் பேசுவதே இல்லை, கைக்குட்டைதான் பேசும். பச்சை வந்தால் காளை சரியில்லை, திருப்பி அனுப்பு. ஆரஞ்சு என்றால் உயிர்ப்பிச்சை, அது அபூர்வம். கூட்டம் வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டினால், மத்தடோருக்குக் காளையின் காதைப் பரிசாகக் கொடுங்கள் என்று அர்த்தம்.

இது தெரியாமல், முதல் தடவை வெயில் பக்கம் மலிவு டிக்கெட்டில் உட்கார்ந்து வியர்வை துடைக்க வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தேன். பக்கத்தில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "இந்த லட்சணத்துக்குக் காதா?" என்றார். சட்டென்று பைக்குள் திணித்துவிட்டேன்.

வேண்டாம் என்று சொன்னால் தப்பாக நினைப்பார்களோ என்ற பயம் வேண்டாம். இங்கேயே எதிர்ப்பு நிறைய. ஸ்பெயினின் கட்டலோனியா பகுதி 2010-ல் தடைச் சட்டமே போட்டது, 2016-ல் அரசியல் சாசன நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் அந்த வாசலை மிதித்ததே இல்லை.

சரி, போவதானால் நிழல் பக்கம் டிக்கெட் எடுங்கள், விலை கூடத்தான். கல் இருக்கை, வாசலில் மெத்தை வாடகைக்குக் கிடைக்கும். அப்புறம், காளை களத்தில் இருக்கும்போது எழுந்து போக விடமாட்டார்கள். செத்த காளையைக் கோவேறு கழுதைகள் இழுத்துப் போகிற இடைவெளியில்தான் கிளம்ப முடியும். நான் மூன்றாவது காளை முடிந்ததுமே கிளம்பிவிட்டேன்.