பெருமூளை வாதம் உள்ள குழந்தையின் எலும்பு வலிமையை எப்படி அறிவது?

எலும்பு நல மதிப்பீடு என்பது, எலும்பில் தாது எவ்வளவு செறிந்திருக்கிறது, அது எளிதில் முறியுமா என்பதை முன்கூட்டியே அறிவதாகும். ஆள் நடமாடும் ஒற்றையடிப் பாதை இறுகிக் கிடக்கும். நடமாட்டம் நின்றால் புல் மண்டி மண் இளகிவிடும். எலும்பும் உடல் எடையைத் தாங்கியும் தசையால் இழுபட்டுமே இறுகுகிறது என்பதால், பெருமூளை வாதத்தால், அதாவது மூளை பாதிப்பால் உடல் அசைவு தடைபடும் நிலையால், நிற்கவோ நடக்கவோ இயலாத குழந்தைக்கு அது மெலிந்தே வளர்கிறது. வெயில் படாமையும் சில வலிப்பு மருந்துகளும் அதை மேலும் நலிவிக்கின்றன. கால்சட்டை மாட்டும்போது குழந்தை வீறிட்டு அழுது, முழங்காலுக்குச் சற்று மேலே வீங்கினால், அது எலும்பு முறிவாகவே இருக்கலாம். பேச இயலாத குழந்தையின் அழுகையைத் தயவுசெய்து பிடிவாதம் என்று தள்ளிவிடாதீர்கள்.

மருத்துவர் முந்தைய முறிவுகளையும் உணவையும் விசாரித்து, வைட்டமின் டி அளவைப் பார்த்து, தேவைப்பட்டால் எக்ஸ்-கதிரால் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொல்வார். இடுப்பு மடங்கி இறுகியிருந்தாலோ உள்ளே உலோகத் தகடு இருந்தாலோ, தொடை எலும்பின் கீழ்முனையைப் பக்கவாட்டில் அளப்பதுண்டு. அதே வயதுக் குழந்தைகளோடு ஒப்பிட்டுத் தரும் இசட் மதிப்பெண் -2 அல்லது அதற்கும் கீழே இருந்தால் அடர்த்தி குறைவு என்று பொருள். ஆனால் உயரம் குறைந்த குழந்தைக்கு அது உள்ளதைவிடக் குறைத்தே காட்டும்.

இரத்தத்தில் கால்சியம் சரியாக இருந்தால் எலும்பும் உறுதியாக இருக்கும் என்று பலர் நம்புகின்றனர். உண்மையில், உடல் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்து இரத்த அளவைச் சரிக்கட்டிவிடும்.